பெரியவருக்கு ஒரு மணி நேர வெயில்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மழை பிடித்துக்கொண்டு விடாத ஒரு ஆவணி மாதத்தில் இது நடந்தது. என் மனைவி குவைத்துக்குப் போய் அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுப்புக்குப் பக்கத்தில் பேசினில் கிடந்த ஆமையைக் கழுவலாம் என்று கையில் எடுத்தேன். என் கட்டைவிரல் அதன் ஓட்டில் அமுங்கியது. பழுத்த கொய்யாப்பழத்தை அமுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. பயத்தில் ஆமையைக் கீழே போட்டிருப்பேன். எப்படியோ பிடித்துக்கொண்டேன்.

ஆமை ஓடு என்றால் கல் மாதிரி இருக்கும் என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். அது இளகிப்போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அந்த ஆமை எங்களிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் டிவிஷனில் வேலை பார்த்த கிளார்க் ஐயா மாற்றலாகிப் போனபோது, அவர் பிள்ளைகள் வளர்த்த ஆமையைக் கொண்டுபோக முடியாமல் தவித்தார்கள். மீன் தொட்டிக் கடைகளில் விற்பார்களே, காதுப் பக்கம் சிவப்புக் கோடு போட்ட ஆமை, அந்த ஜாதி. என் மனைவி அவர்கள் வீட்டுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கப் போனவள், திரும்பி வரும்போது சோற்று டப்பாவுக்குள் அதை வைத்துக்கொண்டு வந்தாள். தலையை வெளியே நீட்டி, லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவை மேலும் கீழும் பார்த்து, கண்ணை மெதுவாக மூடித் திறந்தது. "நம்ம ஊட்டுக்கு ஒரு பெரியவரு வந்துட்டாரு" என்றாள் அவள். அன்றிலிருந்து அதன் பெயர் பெரியவர்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை நினைத்து அழுத காலமெல்லாம் அதற்கு முன்னமே முடிந்துவிட்டது. அதனால் அந்த ஆமையைப் பிள்ளை மாதிரி வளர்த்தோம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

நான் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நாங்கள் அதை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்து காயவைக்கிற டிரையர் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மனைவி மலையில் கொழுந்து பறித்தாள். சாமான் விலையெல்லாம் தாறுமாறாக ஏறிய காலத்தில், நாங்கள் கட்ட ஆரம்பித்த வீடு சுவரோடு நின்றுபோனது. இரண்டு வருஷம் போய் வந்தால் கூரை போட்டுவிடலாம் என்று அவளே முடிவெடுத்தாள். நான் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை. அந்த இரண்டாவது தடவையை நினைத்து எத்தனையோ நாள் வருத்தப்பட்டிருக்கிறேன்.

கொழும்புக்குப் போக வேன் வந்து நின்ற காலையில், அவள் பெரியவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டே வந்தாள். என்ன போடணும், எப்போ போடணும், எங்கே வைக்கணும் என்று என்னென்னமோ சொன்னாள். நான் அவள் பெட்டியின் அறுந்துபோன பூட்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தேன். "சரி, சரி, நான் பாத்துக்கிறேன்" என்றேன். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகும் கண்ணாடியை இறக்கி, "என்னங்க, அதுக்கு வாய் இல்ல. பாத்துக்கங்க" என்றாள். வேன் வளைவில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதில் எனக்கு ஞாபகம் இருந்தது அந்தக் கடைசி வரி மட்டும்தான்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதை அலட்சியமாக வைத்திருக்கவில்லை. அவள் வெளியே தாழ்வாரத்தில் வைத்திருந்த பேசினை, குளிரில் கஷ்டப்படுமே என்று உள்ளே கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். நான் சாப்பிடுவதை எல்லாம் அதற்கும் போட்டேன். சோறு, பாண் ரொட்டித் துண்டு, ஞாயிற்றுக்கிழமையில் எலும்பு நீக்கிய கோழி இறைச்சி. எலும்பு தொண்டையில் சிக்கிவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து எடுப்பேன். பேசினில் எப்போதும் வெள்ளையாக ஒரு துண்டு மிதந்துகொண்டிருக்கும். டிவி பெட்டிக்குள் உடையாமல் அடைத்து வரும் ரெஜிபோம் துண்டு என்று நினைத்து, முதல் வாரமே எடுத்துக் குப்பையில் வீசினேன். பேசின் பளிச்சென்று ஆனதில் எனக்கு ஒரு திருப்தி கூட.

ராத்திரி வேலை முடிந்து வந்து அடுப்பை மூட்டும்போது பெரியவர் தலையைத் தூக்கிப் பார்க்கும். அதோடு பேசுவேன். "இன்னிக்கி ஒங்க அம்மா போன் எடுக்கல" என்பேன். அவளுக்கு சாயங்காலத்தில் கொஞ்ச நேரம்தான் போன் பேச முடியும். படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீடு ஏதோ பதினோராவது மாடியில். பேசும்போது முதல் கேள்வி, "சாப்பிட்டீங்களா?" இரண்டாவது, "பெரியவரு சாப்டிச்சா?" இரண்டுக்கும் ஆமாம் என்பேன்.

நாலைந்து மாதத்தில் ஓட்டின் ஓரம் மேல்நோக்கி வளைய ஆரம்பித்தது. வளர்கிறது போல என்று நினைத்தேன். பிறகு பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடந்தது. பிறகு நடப்பதே இல்லை. பாண் துண்டை வாயருகே வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் விரல் அமுங்கியது.

அன்று சாயங்காலம் அவள் வீடியோ அழைப்பில் வந்தாள். "பெரியவர காட்டுங்க" என்றாள்.

"தூங்குது" என்றேன்.

மறுநாளும் கேட்டாள். "இப்பதான் குளிக்க வச்சேன், உள்ள போயிருச்சி" என்றேன். மூன்றாவது நாள் வேறு வழி தெரியாமல், என் போனில் கிடந்த ஒரு பழைய படத்தை எடுத்து இன்று எடுத்தது போல அனுப்பினேன். தாழ்வாரத்தில் பெரியவர் தலை நிமிர்ந்து நிற்கிற படம். அவளிடமிருந்து "நல்லாருக்கு" என்று ஒரு வார்த்தை வந்தது. அதற்குப் பிறகு அவள் படம் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஸ்டோரில் என்னோடு வேலை செய்கிற ஒருவரிடம் மட்டும் சொன்னேன். அவர் மனைவி அப்போது பிள்ளை உண்டாகியிருந்தார். "எலும்புக்கு கிளினிக்ல கல்சியம் குளிசை குடுக்கிறாங்கப்பா. ஓடும் எலும்பு மாதிரிதான? குடுத்துப் பாரு" என்று நாலு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து தந்தார். அதைப் பொடித்துச் சோற்றில் பிசைந்து, வாயைத் திறந்து ஊட்டினேன். பாதி உள்ளே போகும், பாதி தண்ணீரில் கரையும். பத்து நாள் பார்த்தேன். ஓடு இன்னும் இளகித்தான் போனது. ஒரு காலையில் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அன்றே லீவு சொல்லிவிட்டு, ஒரு வாளியில் ஈரத் துவாயை விரித்து அதை வைத்து, ஹட்டனில் ரயில் ஏறினேன். கண்டிப் பக்கம் பெரிய மிருக வைத்தியசாலை ஒன்று இருக்கிறது, அங்கே ஆமை கூடப் பார்ப்பார்கள் என்று டவுனில் மாட்டு டாக்டர் ஐயா சொல்லியிருந்தார்.

ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த சிங்கள அம்மா ஒருவர் வாளிக்குள் எட்டிப் பார்த்து, மருந்துக்கா கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். ஆமைக் கறி மூலத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். "இதுக்குத்தான் மருந்து, அம்மே" என்றேன். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து, தன் பையிலிருந்து ஒரு சின்ன போத்தல் வெந்நீரை எடுத்து, துவாய் குளிர்ந்துபோயிருக்கும் என்று சொல்லி, கொஞ்சமாக நனைத்து விட்டார். வட்டவளையைத் தாண்டும்போது ஜன்னலில் மழைச் சாரல் அடித்தது. அவரே எழுந்து கண்ணாடியை ஏற்றினார்.

வைத்தியசாலையில் எங்களைப் பார்த்தது ஒரு சின்ன வயது சிங்களப் பெண் டாக்டர். முப்பது இருக்கும். தமிழ் கொஞ்சம் உடைத்து உடைத்துப் பேசினார், ஆனால் எல்லாம் புரிந்தது. பெரியவரை இரண்டு கையாலும் ஏந்தி, ஓட்டின் அடியை அமுக்கிப் பார்த்தார். தாடையைத் தொட்டுப் பார்த்தார். தாடை எலும்பும் ரப்பர் மாதிரி வளைந்தது. எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ இருந்தது.

"என்ன சாப்பாடு குடுக்கிறது ஐயா?"

"சோறு, பாண், கோழி, மிஸ்."

"முள்ளு, எலும்பு, கீரை?"

"எலும்பெல்லாம் எடுத்துட்டுத்தான் குடுப்பேன்" என்று பெருமையாகவே சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "வெயில்ல வைக்கிறதா?"

"குளிர் படாம அடுப்புக்குப் பக்கத்துலயே வச்சிருக்கேன் மிஸ். சூடாத்தான் இருக்கும்."

"அடுப்பு வெயில் இல்ல ஐயா" என்றார். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார்.

அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இந்த ஆமைக்கு ஓடு வேறு, எலும்பு வேறு இல்லை. ஓடும் எலும்புதான். சாப்பாட்டில் கல்சியம் வராவிட்டால், உயிர் வாழ்வதற்காகத் தன் ஓட்டில் இருப்பதையே உடம்பு எடுத்துச் செலவழிக்கும். சோற்றிலும் பாணிலும் தனி இறைச்சியிலும் அது கிடையாது. முள்ளோடு சின்ன மீன், முட்டை ஓடு, கணவாய் ஓடு, சில கீரைகள், இவற்றில் இருக்கிறது. அதைக் கொடுத்தாலும், நேராக வெயில் உடம்பில் படாவிட்டால் ஓட்டில் போய்ச் சேராது. நான் குளிசை கொடுத்த கதையைச் சொன்னதும், "வெயில் இல்லாம குளிசை வேலை செய்யாது, அதுவும் நாங்களா அளவு தெரியாமக் குடுக்கிறது சரியில்ல" என்றார்.

பிறகு ஓட்டின் மேல் பகுதியை விரலால் தடவிக்கொண்டே சொன்னார். "ஆனா பழைய வளர்ச்சி ரொம்ப நல்லா இருக்கு. உங்க நுவரெலியாப் பக்கத்துக் குளிர்ல இப்பிடி வளர்க்கிறது லேசு இல்ல. யாரோ அஞ்சாறு வருஷம் சரியாப் பாத்திருக்காங்க. யாரு?"

"என் சம்சாரம்."

"அவங்க எங்க?"

"வெளிநாட்டுல."

"அவங்களுக்குத் தெரியுமா இது இப்பிடி இருக்குன்னு?"

நான் வாளியில் கிடந்த துவாயை மடித்துக்கொண்டிருந்தேன். "அவங்க என்ன குடுத்தாங்க, எவ்வளவு வெயில்னு தெரிஞ்சா எனக்கு மருந்து குடுக்க லேசு. கோல் எடுங்க ஐயா" என்றார்.

அந்த நேரத்தில் அவளை நான் அழைத்ததே கிடையாது. அங்கே காலை எட்டரை மணி இருக்கும். இரண்டு தடவை அடித்து நின்றது. மூன்றாவது தடவை எடுத்தாள். "என்னங்க? யாருக்கு என்ன?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள். குசுகுசுவென்று, சமையலறைக்குள் நின்று பேசுகிற குரல். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நேரம் தவறி வரும் அழைப்பு என்றால் என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. பெரியவருக்குத்தான் முடியல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பு, பாண், வீசிய வெள்ளைத் துண்டு, இளகிய ஓடு. கடைசியில், "நான் அனுப்புன படம் பழசு" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "தெரியும்" என்றாள். "கொடியில என் பச்சை சேலை காயுது அந்தப் படத்துல. அந்தச் சேலை இங்கதான் இருக்கு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க உண்மையச் சொல்லிருவீங்கன்னு பயம்" என்றாள். அதோடு குரல் உடைந்துவிட்டது. நானும் டாக்டர் முன்னால் நின்றுகொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டேன். நாற்பத்து மூன்று வயது ஆள்.

அவள்தான் முதலில் சுதாரித்தாள். "டாக்டர்கிட்ட போன குடுங்க" என்றாள். ஒலிபெருக்கியில் போட்டேன். அவள் சிங்களத்தில் சொல்ல ஆரம்பித்தாள். அவள் அவ்வளவு சரளமாகச் சிங்களம் பேசுவாள் என்று எனக்குத் தெரியும். அவள் சொன்ன விஷயம்தான் எனக்குப் புதிது.

மலையில் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு விடுவார்கள். நான் ஸ்டோரிலேயே சாப்பிட்டுவிடுவேன். அவள் லயத்து வீட்டுக்கு வந்து பேசினைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் பிடிக்கிற பைப்படிக்கு மேலே இருக்கும் பாறைக்குப் போவாளாம். மத்தியானம் பனி விலகினால் முதல் வெயில் விழுவது அந்த இடத்தில்தானாம். பெரியவரைப் பாறையில் விட்டுவிட்டு, காகம் கொத்தாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து ரொட்டியைச் சாப்பிடுவாளாம். மழை இல்லாத நாளெல்லாம் இப்படித்தான். ஆற்றில் பிடிக்கும் சின்ன மீனை முள்ளோடு நசுக்கிக் கொடுப்பாள். முட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, அம்மியில் மாவு மாதிரி அரைத்து, வல்லாரை இலையில் தடவிக் கொடுப்பாள். பேசினில் கிடந்து நான் வீசிய அந்த வெள்ளைத் துண்டு, கணவாய் மீனின் ஓடு. கிளார்க் ஐயாவின் மனைவி கடலோரத்து மன்னார்க்காரர். அவர்தான் இதெல்லாம் சொல்லிக்கொடுத்து, ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அந்த ஓட்டையும் கொண்டுவந்து கொடுத்தாராம். வாய் அரிக்கும்போது பெரியவர் அதைக் கடித்துக் கொறிக்குமாம்.

டாக்டர் எழுதிக்கொண்டே போனார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு வருஷம். தினமும் ஒரு மணி நேரம். என் வீட்டில், என் மனைவி. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவள் மறைக்கவும் இல்லை. நான் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

எழுதி முடித்துவிட்டு டாக்டர் சிரித்தார். "அக்கா, இது பெரியவர் இல்ல. பொண்ணு. முட்டை வைக்கிற வயசு. அதனாலதான் இன்னும் நெறைய கல்சியம் தேவப்படுது" என்றார். அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தவளும் சிரித்துவிட்டாள்.

ஊசி போட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொண்டுவரச் சொன்னார்கள். "பிழைக்கும்னு நான் இப்ப சொல்ல மாட்டேன் ஐயா. மருந்து என்னோட வேலை. வெயில் உங்க வேலை" என்றார் டாக்டர்.

ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது? காலையில் கண்ணைத் திறந்தால் பனி. பகலில் மழை. ஐந்து நிமிஷம் மேகம் விலகும், நான் ஸ்டோரிலிருந்து ஓடி வருவதற்குள் மூடிக்கொள்ளும். ஸ்டோரில் எங்களுக்கு மேலதிகாரியான டீமேக்கர் ஐயாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஆமைக்கு லீவு கேட்கிற முதல் ஆள் நீதான் என்றார். பிறகு, டிரையரைப் பார்க்க ஒருவரை நிறுத்திவிட்டு எப்போது வேண்டுமானாலும் போய் வா என்றார்.

பக்கத்து காம்பராவில் இருக்கும் அக்கா என் மனைவியோடு ஒன்றாகக் கொழுந்து பறித்தவர். அவரிடம் அந்தப் பாறை எது என்று கேட்டபோது என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "என்னண்ணே, தோட்டத்துக்கே தெரியும். ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். அடுத்த நாள் நான் டிரையருக்கு அடியில் படுத்து போல்ட் இறுக்கிக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அடித்தது. அந்த அக்காதான், மலையிலிருந்து. "அண்ணே, எங்களுக்கு மேல வெயிலு வந்துருச்சி! இப்ப அங்கிட்டு எறங்கும், ஓடுங்க!" பின்னால் நாலைந்து பெண்கள் "ஓடுங்க ஓடுங்க" என்று கத்துவது கேட்டது. கிரீஸ் கையோடு ஓடினேன். அன்று பதினைந்து நிமிஷ வெயில் கிடைத்தது. அதற்குப் பிறகு வெயில் வருகிற நாளெல்லாம் அவர்களில் யாராவது ஒருவர் அழைத்துவிடுவார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

ஹட்டன் மீன் கடையில் கணவாய் ஓடு கேட்டேன். கடைக்காரர் வீசுகிற சாமானை ஏன் கேட்கிறேன் என்று விளங்காமல் பார்த்தார். சொன்னதும், அடுத்த தடவையிலிருந்து பெரிய ஓடுகளாகப் பார்த்து எடுத்து, கழுவிக் காயவைத்து, பையில் போட்டு வைத்திருந்தார்.

பாறையில் முதல் தடவை நிதானமாக உட்கார்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு நல்ல வெயில். பெரியவர் அசையாமல் கிடந்தது. நான் சுற்றிலும் பார்த்தேன். கீழே ஸ்டோரின் பின்பக்கம் அப்படியே தெரிந்தது. தகரக் கூரை, புகைபோக்கி, பின்வாசலில் தண்ணீர்க் குழாய்.

அன்று சாயங்காலம் அவளிடம், "அங்க ஒக்காந்தா ஸ்டோர் தெரியுதே" என்றேன்.

"ஆமா. வெயில் அங்கதான விழும்" என்றாள். பிறகு, "சாப்டு முடிச்சதும் நீங்க வெளிய வந்து அந்தக் கொழாயில மொகம் கழுவுவீங்க. சட்டையால தொடச்சிக்குவீங்க. துவாய் குடுத்துவிட்டாலும் சட்டையாலதான் தொடைப்பீங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டு வெகு நேரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் போன நாளிலிருந்து அவள் இல்லாதது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் யார் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐப்பசி வரைக்கும் பெரியவர் இப்படியா அப்படியா என்றுதான் இருந்தது. இரண்டு தடவை உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன். ஒரு நாள் முட்டை ஓட்டு மாவு தடவிய இலையை வாயருகே நீட்டியபோது, இலையோடு சேர்த்து என் விரலையும் கவ்வியது. நல்ல கடி. இரத்தம் வந்துவிட்டது. ரப்பர் மாதிரி வளைந்த தாடை அது. வலியில் கத்திக்கொண்டே சிரித்தேன். ஒரு கையில் போனைப் பிடித்து வீடியோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்ததாகச் சொன்னாள். "கையில மருந்து போட்டீங்களா?" என்று கேட்டது மறுநாள்தான்.

அடுத்த தடவை டாக்டர் எக்ஸ்ரேயைப் பிடித்துக் காட்டியபோது புகை இல்லை, எலும்பு இருந்தது. ஓட்டின் ஓரம் வளைந்தது வளைந்ததுதான், அது இனி நிமிராது என்றார். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. பார்க்கிறவர்கள் அழகு என்று சொல்வார்கள். நான் கட்டைவிரலால் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது. அவள்தான் இன்னும் வரவில்லை. அந்த வயதான அம்மா இவளைத் தவிர வேறு யார் ஊட்டினாலும் சாப்பிட மாட்டாராம். இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போ என்று அவருடைய பிள்ளைகள் கெஞ்சியிருக்கிறார்கள். போன மாதம் பேச்சுவாக்கில் கால் வலிக்கிறது என்றாள். முன்பென்றால் எண்ணெய் தேய் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருப்பேன். இந்தத் தடவை விடவில்லை. என்ன சாப்பிடுகிறாய், பால் குடிக்கிறாயா, மீன் கிடைக்கிறதா, வெளியே எப்போது போகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். வெளியே போவதே இல்லை என்றாள். ஊரே வெயிலில் காய்கிறது, அவள் மேல் மட்டும் வெயில் பட்டு மாதக்கணக்கு ஆகிறது. அங்கே டாக்டரிடம் காட்டச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தேன். காட்டினாள். எலும்புக்குச் சத்துக் குறைவு என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது எங்களுக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு நான் பெரியவரைத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் போகிறேன். அங்கே அப்போது ஒன்பதரை. அந்த அம்மா சாப்பிட்டுக் கண் அசருகிற நேரம். இவள் பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு வந்து, சேலைத் தலைப்பை விலக்கிக் கையை வெயிலில் நீட்டி நிற்பாள். போனில் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. "பட்டுச்சா?" என்பேன். "பட்டுச்சி" என்பாள். இங்கே மழை என்றால், "இன்னிக்கி நீ மட்டும் நில்லு" என்பேன்.

பன்னிரண்டு வருஷம் ஒரே காம்பராவில் அவளோடு இருந்தும், அவள் என்ன சாப்பிட்டாள், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கடல் தாண்டி இருக்கிறவளிடம் இப்போது அதைத் தினமும் கேட்கிறேன், அவள் திரும்பி வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்வியை விட்டுவிடக் கூடாது என்பதுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்வது.